பழைய அமெரிக்க செமி லாரி மாடல்: சேசிஸ் முதல் புகைக்குழாய் வரை முழுமையான வழிகாட்டி

கார் மாடல் கட்டிப் பழகியவர்கள் முதல் முறையாக ஒரு செமி லாரி (பின்னால் டிரெய்லரை மாட்டி இழுக்கும் லாரி) கிட்டைத் திறந்தால் கொஞ்சம் மிரண்டு போவது சகஜம். காரில் பாடி வந்து உட்கார்ந்ததும் கீழே செய்த வேலையில் பாதி மறைந்துவிடும். லாரியில் அந்த வசதி கிடையாது. சேசிஸ், ஸ்பிரிங், டீசல் டேங்க், ஏர் டேங்க், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பேட்டரிப் பெட்டி, புகைக்குழாய் என்று எல்லாமே வெளியில் நிற்கும். கேபினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் லாரியின் எலும்புக்கூடு முழுக்கத் தெரியும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் அதுதான். லாரியில் எந்தப் பொருளும் அழகுக்காகச் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு குழாயும் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் முடிகிறது. எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு கட்டினால் சாதாரண கிட்டிலிருந்தே அசல் லாரி வந்துவிடும். அது தெரியாமல் கட்டினால் விலையுயர்ந்த கிட்டும் பொம்மையாகத்தான் நிற்கும்.

எடுத்துக்காட்டாக 1/25 அளவிலான பீட்டர்பில்ட் 359-ஐ எடுத்துக்கொள்கிறேன். கென்வொர்த், மேக், ஆட்டோகார் என்று எதைக் கட்டினாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்யுங்கள்

359 வந்தது 1967-ல், நின்றது 1987-ல். இருபது வருடத்தில் ஊர் மாறியது, சட்டம் மாறியது, லாரியில் தொங்கும் பொருள்களும் மாறின. "பழைய லாரி" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு கட்டினால் 1970 கேபின்மேல் 1995-ன் பொருள்கள் வந்து உட்கார்ந்துவிடும். "இது 1974 லாரி" என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அப்புறம் வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில் சொல்லும்.

டிரெய்லரின் பக்கவாட்டில் சிவப்பும் வெள்ளையுமாக மின்னும் பட்டை 1993 டிசம்பருக்குப் பிறகு தயாரான டிரெய்லர்களுக்குத்தான் கட்டாயமானது. எனவே 1974 லாரியின் பின்னால் அது வரக் கூடாது. டிரெய்லருக்குப் போகும் மின் கேபிள் பச்சை நிறத்தில் இருந்தால் அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்) காலத்தின் அடையாளம். பழைய லாரிக்குக் கருப்புதான். கண்ணாடித் தாங்கியில் நிற்கும் இரட்டை சிபி ஆன்டெனா (லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசும் ரேடியோவுக்கானது), லாரிக்காரர்களிடையே பரவலானது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. 1968 லாரிக்கு அதை வைக்காமல் விடுவதே நல்லது. முன் அச்சில் பிரேக் வேண்டுமா என்பதும் வருடத்தைப் பொறுத்ததே: மூன்று அல்லது அதற்கு மேல் அச்சுள்ள லாரி 1980 ஜூலைக்கு முன் தயாரானது என்றால், அமெரிக்க விதிப்படி முன் சக்கர பிரேக் கட்டாயமில்லை. கிட்டில் முன் பிரேக் சேம்பர் (காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் கிண்ணம்) இல்லையே என்று பதற வேண்டாம்.

வருடத்தோடு கூட, உண்மையில் ஓடிய ஒரே ஒரு லாரியின் படங்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல லாரிகளின் படங்களைக் கலந்து பார்த்தால் கடைசியில் எங்கேயும் ஓடாத ஒரு லாரிதான் வரும். பக்கவாட்டுப் படங்களை விட, கேபினுக்குப் பின்னாலிருந்தும் தரையோடு தரையாகவும் எடுத்த படங்களே அதிகம் உதவும்.

கிட்டும் அளவும்

இந்த வகை லாரிகளுக்கு ஏஎம்டி, ரெவல் இரண்டும் 1/25 அளவில் கிட் செய்திருக்கின்றன. இட்டாலெரி லாரிகள் 1/24. இரண்டும் ஒன்றுதானே என்று பாகங்களைக் கலக்காதீர்கள். 24.5 அங்குல ரிம்மில் ஏறும் 11 அங்குல டயரின் வெளி விட்டம் அசலில் 1.1 மீட்டர் அளவுக்கு வரும். 1/25-ல் அது 44 மி.மீ., 1/24-ல் 46 மி.மீ. இந்த இரண்டு மில்லிமீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே தெரியும்.

1/25-ல் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை 25-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு மில்லிமீட்டர். அமெரிக்க லாரிகளின் அளவெல்லாம் அங்குலத்தில்தான் இருக்கும் என்பதால் கணக்கே போட வேண்டாம். சேசிஸ் அகலம் 34 அங்குலம் என்றால் மாடலில் 34 மி.மீ.க்குச் சற்றே மேல். 5 அங்குலப் புகைக்குழாய்க்கு 5 மி.மீ. குழாய். டிரெய்லரை லாரியோடு மாட்டும் கிங் பின் 2 அங்குலம், மாடலில் 2 மி.மீ. கம்பி. பழைய விளம்பரத் தாளில் ஓர் அளவைப் பார்த்தால் அப்படியே ஸ்கேலை எடுத்து வைத்துவிடலாம்.

கருவிகள் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நல்ல ஸ்ப்ரூ கட்டர் (ஸ்ப்ரூ என்பது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), கூர் மாற்றக்கூடிய கத்தி, 400 முதல் 2000 வரை உப்புத்தாள், சின்ன அரங்கள், 0.3 முதல் 1 மி.மீ. வரை பிட் போடக்கூடிய கை ட்ரில், மெல்லிய திரவப் பசை, கெட்டியான பசை, சூப்பர் க்ளூ, ஐந்து நிமிட எபாக்சி. இவற்றோடு ஒரு தடிமனான கண்ணாடித் தகடு கட்டாயம் வேண்டும். அது எதற்கு என்று சேசிஸ் பகுதியில் சொல்கிறேன். ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் கரைப்பான் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடியை மறக்கக் கூடாது. துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது.

பெட்டியைத் திறந்ததும்

முதல் வேலையாக டயர்களை வெளியே எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். பழைய கிட்டுகளின் வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வருடக்கணக்காகப் பெட்டியில் கிடந்த கிட்டுகளில், கண்ணாடிப் பாகத்தின்மேல் டயரின் பட்டன் அச்சு அப்படியே உருகிப் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். அதற்கு மருந்து கிடையாது.

அடுத்து, ஸ்ப்ரூக்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, காற்றில் உலர விடுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் ப்ரைமர் பிடிக்காது.

டீக்கால் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, படங்கள்) மஞ்சளாகியிருந்தால், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள். பெரும்பாலும் வெளுத்துவிடும்.

சேசிஸ்: அவசரமே கூடாது

மொத்த மாடலும் இதன்மேல்தான் நிற்கிறது. இங்கே ஒரு மில்லிமீட்டர் முறுக்கு இருந்தால் கடைசியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாது. கேபின் ஒரு பக்கம் சாயும். புகைக்குழாய்கள் இரண்டும் வேறு வேறு திசையைப் பார்க்கும். பின்னால் திருத்தவும் வழியில்லை.

நீளச் சட்டங்கள் இரண்டையும் கண்ணாடித் தகட்டின்மேல் படுக்க வைத்துப் பாருங்கள். எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால், கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, கண்ணாடிமேல் வைத்து அழுத்தி, குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். நிமிர்ந்துவிடும்.

குறுக்குச் சட்டங்களை முதலில் பசையில்லாமல் மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்திப் பாருங்கள். ஒட்டும்போது உடனே பிடிக்கும் மெல்லிய பசையைத் தொடாதீர்கள். மெதுவாகப் பிடிக்கும் கெட்டிப் பசைதான் இங்கே வேண்டும். எல்லாம் ஒட்டியதும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள்: முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஒரு அளவு, முன் வலதிலிருந்து பின் இடதுக்கு இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் கோணலில்லாமல் இருக்கிறது. இல்லையென்றால் பசை காய்வதற்குள் மெல்ல இழுத்துச் சரிசெய்யலாம். பிறகு கண்ணாடிமேல் வைத்து, மேலே கனமான ஒரு புத்தகத்தையோ இரும்புக் கட்டியையோ வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

டிரைவர் படுத்துறங்கும் ஸ்லீப்பர் கேபினுக்காக சேசிஸை நீட்டுகிறவர்கள், இரண்டு சட்டத்தையும் ஒரே கோட்டில் வெட்டாமல் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி வெட்டுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் அங்கேதான் மடங்கும். சட்டத்தின் உட்புறப் பள்ளத்தில் வெட்டுக்கு இரு பக்கமும் 20 மி.மீ. நீளும்படி பிளாஸ்டிக் பட்டை ஒட்டினால் போதும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டையும் அதே அளவு நீட்ட வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் என்றால் கருப்பு மட்டும்தான் என்பதில்லை. சொந்தமாக லாரி வைத்து ஓட்டியவர்கள் பலர் கேபின் நிறத்தையே சேசிஸுக்கும் அடித்தார்கள். கருப்பு அடிப்பதாக இருந்தாலும் முழுக் கருப்பு வேண்டாம். அடர்சாம்பல் கலந்த அரைப் பளபளப்பு இந்த அளவில் கண்ணுக்கு நிஜமாகத் தெரியும். போல்ட்டுகளும் எழுந்து நிற்கும்.

அச்சுகளும் சக்கரங்களும்

அச்சுகளை ஒட்டியதும் எல்லா முனையிலும் சக்கரத்தைச் சும்மா மாட்டி, கண்ணாடிமேல் நிறுத்திப் பாருங்கள். பின் அச்சுகள் இரண்டையும் ஆடும் கட்டை தாங்கும் கிட்டாக இருந்தால், அந்தக் கட்டையின் நடு முளையை ஒட்டாமல் ஆட விட்டுவிடுங்கள். அசல் லாரி மேடு பள்ளத்தில் ஆடுவதும் அப்படித்தான், உங்கள் மாடலின் எல்லாச் சக்கரமும் தரையைத் தொடுவதற்கும் அதுவே வழி.

கியர் பெட்டியிலிருந்து வரும் ஷாஃப்ட் முதல் பின் அச்சுக்குப் போகிறது. அங்கிருந்து குட்டையான இன்னொரு ஷாஃப்ட் இரண்டாவது அச்சுக்குப் போகிறது. ஒரு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள கூட்டுகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கிட்டில் தனித்தனியாக ஒட்டும்போது ஒன்று திரும்பிப் போய்விடுவது வழக்கம். லாரி தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

டயரின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பட்டன் முழுவதையும் 400 தாளில் லேசாக உருட்டித் தேய்த்தால் ரப்பர் மினுமினுப்புப் போய், ஓடின டயரின் மங்கல் வந்துவிடும். முன் சக்கரத்துக்கு நீளவாக்கில் கோடு போட்ட பட்டன், பின்னால் கட்டை கட்டையான பட்டன். கிட்டில் பத்து டயரும் ஒரே மாதிரி இருந்தால் முன் இரண்டை மட்டுமாவது மாற்றிப் போடுங்கள்.

இன்ஜின்

கார் மாடல் கட்டுகிறவர்கள் கை பழக்கத்தில் செய்வது ஒன்று உண்டு: இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் ஒயர் இழுப்பது. இது டீசல் இன்ஜின். பிளக்கும் கிடையாது, டிஸ்ட்ரிப்யூட்டரும் கிடையாது. இங்கே விவரம் காட்ட வேண்டியது டீசல், எண்ணெய், நீர், காற்று ஆகியவற்றின் பாதைகளை.

டீசல் பாதை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேட்டர்பில்லரில் பம்ப்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் குழாய், ஆக ஆறு குழாய்கள். ஆறின் நீளமும் சமம். அதனால்தான் பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டரின் குழாய் சுற்றி வளைந்து போகும். 0.25 மி.மீ. செம்புக் கம்பியை ஆறு சம துண்டாக வெட்டிக்கொண்டு வளைத்தால் அந்த வளைவு தானாகவே வந்துவிடும். மேக் தெர்மோடைன் இன்ஜினிலும் இப்படித்தான்.

கம்மின்ஸ் வேறு. அதில் அழுத்தம் உண்டாவது இன்ஜெக்டருக்குள்ளேயே, கேம் ஷாஃப்ட் தள்ளும்போது. பம்ப்பிலிருந்து ஹெட்டுக்கு டீசல் கொண்டுபோகும் பொதுக் குழாய் மட்டும்தான் வெளியே தெரியும். கம்மின்ஸ்மேல் ஆறு குழாய் ஓடும் மாடலைப் பார்த்தால், அதைக் கட்டியவர் கேட்டர்பில்லர் படத்தைப் பார்த்துக் கட்டியிருக்கிறார் என்று அர்த்தம். 855 கன அங்குல கம்மின்ஸை அடையாளம் காண இன்னொரு வழியும் உண்டு: ஆறு சிலிண்டருக்கு மூன்று தனித்தனி ஹெட், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. அந்த ஹெட்டுகளுக்கு இடையில் கருப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) இறக்கினால் இன்ஜின் பிரிந்து தெரியும்.

டெட்ராய்ட் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் வெளியே உயர் அழுத்தக் குழாய் இல்லை. 8வி-71 என்ற பெயரிலேயே கணக்கு இருக்கிறது: எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், மொத்தம் 568. இரண்டு வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டி காற்றை உள்ளே தள்ளும் ப்ளோயர்.

நிறம்: கேட்டர்பில்லர் மஞ்சள், டெட்ராய்ட் மங்கிய பச்சை, 1970-களின் கம்மின்ஸ் பழுப்புக் கலந்த வெளிர் நிறம். இன்ஜினை முழுக்கச் சேர்த்து ஒரே நிறம் அடித்துவிட்டு, அப்புறம் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஹோஸ், ஃபில்டர்களைத் தனியாகப் பூசுங்கள். டர்போவில் இரண்டு பாதி உண்டு. புகை போகும் பாதி சூட்டில் வெந்து துருப்பிடித்த பழுப்பாக இருக்கும். காற்று போகும் பாதி வெறும் அலுமினியம். இரண்டையும் ஒரே நிறத்தில் விட்டுவிட்டால் அது டர்போ என்றே தெரியாது.

குரோம்

கிட்டோடு வரும் குரோம் பாகங்களை அப்படியே ஒட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது திருப்தி தருவதில்லை. அசல் லாரியில் பளபளப்பதெல்லாம் ஒரே உலோகம் கிடையாது. பம்பர் குரோம் பூசிய இரும்பு, டீசல் டேங்க் மெருகேற்றிய அலுமினியம், டேங்கைச் சுற்றிய பட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒவ்வொன்றின் பளபளப்பும் வேறு. கிட்டில் எல்லாம் ஒரே கண்ணாடி மினுக்கு.

பம்பர், கிரில் மட்டும் கிட் குரோமில் விடலாம். மற்றவற்றின் குரோமை எடுத்துவிடுங்கள். துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறப்போட்டால் பூச்சு கரைந்துவிடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ப்ளீச்சோடு ஆசிட்டோ அமோனியா உள்ள எந்தத் திரவமோ கலக்கவே கூடாது. டேங்கின் ஒட்டுக் கோட்டை அரம் போட்டு அழித்து, பளபளப்பான கருப்பு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் ஆல்க்ளாட் பாலிஷ்டு அலுமினியம் என்ற உலோகப் பெயிண்டை மெல்லிய தூசிபோல் ஏர்பிரஷில் இறக்குங்கள். அடியில் இருக்கும் கருப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு மினுக்கம் மேலே வரும். விளக்கு வளையம், கண்ணாடித் தாங்கி மாதிரி சின்னப் பொருளுக்கு மாலோடோ குரோம் மார்க்கர் போதும். ஜன்னல் ஓரப் பட்டைக்கு பேர் மெட்டல் ஃபாயில் என்ற ஒட்டும் உலோகத் தாள்.

எந்தக் குரோம் பாகத்தை ஒட்டினாலும் ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டே ஒட்டுங்கள். பசை பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும், குரோமை அல்ல.

புகைக்குழாய்க்குக் கிட் பாகத்தை விட்டுவிட்டு 5 மி.மீ. அலுமினியக் குழாய் வாங்குங்கள். கத்தியை வைத்து உருட்டி உருட்டி வெட்டினால் நசுங்காது. மேல் முனையின் உட்புறத்தைக் கத்தி முனையால் சுற்றிச் சுரண்டி, சுவரை மெல்லியதாக்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது குழாய்ச் சுவர் தாள் போல இருக்க வேண்டும். டர்போவுக்கும் சைலன்சருக்கும் நடுவில் வளையும் தன்மையுள்ள உலோகக் குழாய் ஒரு துண்டு வரும். 4 மி.மீ. கம்பிமேல் 0.3 மி.மீ. ஒயரை இடைவெளியே இல்லாமல் நெருக்கிச் சுற்றி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு ஓட விட்டு, கருகிய உலோக நிறம் பூசினால் அதுதான் இது.

கேபின், பானெட், பெயிண்ட்

359-ன் கேபின் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. அந்த ரிவெட் வரிசைகள்தான் அதன் முகம். எனவே இங்கே தேய்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டும், பெயிண்டிலும் கஞ்சத்தனம் வேண்டும். ஒட்டுக் கோட்டை அழிக்கும்போது பக்கத்து ரிவெட்டுகளின்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் போய்விட்டால் ரெசின் ரிவெட் டீக்கால் கிடைக்கிறது. அதை ப்ரைமருக்கு முன்பே போட வேண்டும்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பழைய கிட்டாக இருந்தால், வெள்ளையோ மஞ்சளோ அடித்ததும் சில நாளில் அடியிலிருந்து ரோஸ் நிறம் கசிந்து வரும். முதலில் வெள்ளி நிறம் ஒரு பூச்சு அடித்து அடைத்துவிட்டு, அதன்மேல் ப்ரைமர்.

கேபின், பானெட், ஸ்லீப்பர் மூன்றும் தனித்தனிப் பாகம். மெட்டாலிக் நிறம் என்றால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே கலவையில், லாரியில் எந்த நிலையில் உட்காருமோ அதே நிலையில் நிறுத்தி வைத்து அடிக்க வேண்டும். பானெட்டைப் படுக்க வைத்தும் கேபினை நிற்க வைத்தும் அடித்தால் மெட்டாலிக் துகள் வேறு வேறாகப் படிந்து, சேர்க்கும்போது இரண்டு நிறமாகத் தெரியும். ஏர்பிரஷ் அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. முதல் இரண்டு பூச்சு வெறும் தூவல். அப்புறம் ஈரமாக ஒன்று.

1970-களின் லாரிக்குப் பக்கவாட்டில் ஓடும் இரட்டை நிறப் பட்டை அழகு சேர்க்கும். டேப் ஒட்டியதும், அடியில் இருக்கும் நிறத்தையே டேப் ஓரத்தில் ஒருமுறை லேசாக அடியுங்கள். கசிய வேண்டியது அதே நிறத்தில் கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். அதன்மேல் அடிக்கும் இரண்டாவது நிறம் கத்தி வைத்து அறுத்த மாதிரி நிற்கும். கடைசிப் பூச்சு அடித்த சிறிது நேரத்திலேயே டேப்பை அதன்மேலேயே மடக்கி இழுத்து எடுங்கள்.

கதவில் கம்பெனிப் பெயர், ஊர், ஐசிசி எண் (மாநிலங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற அமெரிக்க அரசு தந்த எண்) மூன்றும் எழுதியிருப்பது அந்தக் கால வழக்கம். டீக்காலைப் பளபளப்பான கிளியர்மேல் மட்டும் ஒட்டி, ரிவெட் வரும் இடத்தில் டீக்காலை இளக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தொட்டுவிடுங்கள். டீக்கால் சுருங்குவதுபோல் தெரியும். அப்போது கை வைக்காதீர்கள். காயும்போது ரிவெட்மேல் தானே படிந்துவிடும்.

முன் கண்ணாடி இரண்டு துண்டு, இரண்டும் தட்டை. கிட்டின் தடித்த கண்ணாடியை மாதிரியாக வைத்து 0.25 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் தாளில் வெட்டிப் போட்டால் கேபினே இலகுவாகிவிடும். கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், வெண்புகை படரும். வெள்ளைப் பசை போதும்.

உட்புறத்தில் நேரம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் டேஷ்போர்டு. இந்த லாரிகளில் மீட்டர்கள் ஏராளம். டீக்கால் போட்டு, ஒவ்வொரு மீட்டர்மேலும் கிளியர் ஒரு சொட்டு வைத்தால் கண்ணாடி வந்துவிடும். இருக்கை, கதவு உட்புறம் எல்லாம் மங்கலான நிறத்தில் அடித்துவிட்டுப் போகலாம். கதவு ஒட்டிய கிட்டில் அதற்கு மேல் தெரியாது.

குழாய்களும் ஒயர்களும்

முதல் பத்தியில் சொன்ன எலும்புக்கூட்டுக்கு நரம்பு போடும் வேலை இது. காற்றிலிருந்து தொடங்குங்கள். இன்ஜினோடு ஒட்டிய கம்ப்ரஸரிலிருந்து ஒரு குழாய் முதல் ஏர் டேங்குக்கு. அங்கிருந்து அடுத்த டேங்குகளுக்கு. அங்கிருந்து டிரைவர் மிதிக்கும் வால்வுக்கும், பின் அச்சுகளின் மேல் இருக்கும் ரிலே வால்வுக்கும். ரிலேயிலிருந்து ஒவ்வொரு பிரேக் சேம்பருக்கும். பின் அச்சில் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைச் சேம்பர் இருந்தால் அதற்கு இரண்டு குழாய் போகும்: ஒன்று மிதிக்கும்போது பிடிப்பதற்கு, இன்னொன்று நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங்கை விடுவிப்பதற்கு.

அசலில் 3/8 அங்குலக் காற்றுக் குழாய், மாடலில் 0.4 மி.மீ. ஒயர். டிரெய்லருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கொஞ்சம் தடிமன், 0.8 மி.மீ. ரேடியேட்டர் ஹோஸ் 2.5 மி.மீ. எல்லாவற்றையும் ஒரே ஒயரில் இழுத்தால் இத்தனை வேலையும் வீண். ஈயக் கம்பி கிடைத்தால் அதுவே நல்லது, வளைத்த இடத்தில் நிற்கும். தொட்டபின் கை கழுவிவிடுங்கள்.

குழாய்களைத் தனித்தனியாக அலைய விடாமல் கட்டாக்கி சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தில் ஓட்டுங்கள். நாற்பது, ஐம்பது மி.மீ.க்கு ஒரு இடத்தில் மெல்லிய டேப் துண்டால் கட்டுங்கள், பட்டறையில் கட்டுவதுபோல. சூடான புகைக்குழாய் அருகே எதையும் கொண்டுபோகாதீர்கள். அசலில் அங்கே உருகிவிடும் என்பதால் யாரும் இழுக்க மாட்டார்கள்.

கேபினுக்குப் பின்னால் டிரெய்லருக்கான மூன்று: சிவப்பு முனை வைத்த காற்று ஹோஸ், நீல முனை வைத்த காற்று ஹோஸ், கருப்பு மின் கேபிள். சிவப்பு எப்போதும் காற்று நிரம்பி நிற்பது, நீலம் பிரேக் மிதிக்கும்போது மட்டும். மூன்றும் இறுக்கமாக நிற்கக் கூடாது. லாரி திரும்பும்போது இழுபட இடம் வேண்டும் என்பதால் தொய்ந்து தொங்க வேண்டும், ஆனால் சேசிஸ்மேல் உரசாத அளவுக்கு ஸ்பிரிங்கில் மாட்டித் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

அழுக்கு

நாலு இடத்தில் சரியாக வைத்தால் போதும். டிரெய்லர் உட்காரும் வட்டத் தகட்டின்மேல் கெட்டியான கருப்பு கிரீஸ். ஆயில் பெயிண்டில் கருப்பும் பழுப்பும் கலந்து குத்திக் குத்தி வைக்க வேண்டும், நடுப் பள்ளத்தில் அதிகம், ஓரத்தில் மெலிதாக. டீசல் டேங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறை ஒரு கோடு. டேங்க் படிக்கட்டில் செருப்பு தேய்ந்த நடுப்பகுதி மட்டும் பளபளப்பாக. பின் சக்கரங்களுக்குப் பின்னால் சேசிஸிலும் மட்ஃபிளாப்பிலும் மண் நிறப் பொடி.

சொந்த லாரி ஓட்டியவர்கள் கேபினையும் குரோமையும் துடைத்துத் துடைத்து வைத்தவர்கள். மேலே மினுக்கும், இடுப்புக்குக் கீழே உழைப்பும் தெரிந்தால் அந்த லாரிக்காரரின் சுபாவம் தெரியும். கேபின் முழுக்கத் துரு அடிப்பதும் பொருந்தாது: அலுமினியம் செந்துரு பிடிக்காது.

கடைசிச் சேர்ப்பு

வரிசை முக்கியம். இன்ஜின், கியர் பெட்டி, ரேடியேட்டர் முதலில். பிறகு கேபின். அதன்பின் டேங்குகள், புகைக்குழாய். கண்ணாடித் தாங்கி, ஏர் ஹார்ன், ஆன்டெனா, கூரைமேல் ஐந்து மஞ்சள் விளக்குகள் எல்லாம் கடைசியில். முன்னமே வைத்தால் கை பட்டு உடையும். விளக்குக்கு முதலில் வெள்ளி ஒரு சொட்டு, அதன்மேல் தெளிவான ஆரஞ்சு. புகைக்குழாய்களை எபாக்சியால் ஒட்டி, அது காய்வதற்குள் முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து நிமிர்த்துங்கள். பானெட்டை ஒட்டாமல் கீல் போட்டு முன்னால் சாயும்படி வையுங்கள். அவ்வளவு பாடுபட்ட இன்ஜினை மூடி வைப்பதில் அர்த்தமில்லை.

டிரெய்லரும் கட்டுவதாக இருந்தால் உங்கள் வருடத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 1974-க்கு 40 அடி பொருத்தம், மாடலில் 488 மி.மீ. இன்று சாலையில் ஓடும் 53 அடி அந்தக் காலத்துக்கு உரியதல்ல. அகலமும் 96 அங்குலம்தான். 102 அங்குலம் 1982 சட்டத்துக்குப் பிறகு வந்தது. டிரெய்லரை லாரியோடு ஒட்டிவிடாமல் 2 மி.மீ. கிங் பின்னில் மாட்டி வையுங்கள், கழற்றித் தனியாகவும் நிறுத்தலாம்.

நிறுத்தி வைக்கும் இடம் நேர் வெயில் படாததாக இருக்கட்டும். வினைல் டயர் போட்ட மாடல் என்றால் டயருக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு துண்டு வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டியில் கண்ணாடியைத் தின்ற அதே டயர் இங்கே பலகையின் பெயிண்டைத் தின்னும்.